விளக்குமாறு முதல் தூசுறிஞ்சி வரை

விடியற்காலையில் நம் வீடுகளில் முதலிற் கேட்கும் ஓசை கூட்டும் ஓசையாகும். யாழ்ப்பாணத்துக் கிராமமானாலும், கொழும்பிலே நுகேகொடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளானாலும், அடுப்பு மூட்டுமுன் விளக்குமாறு கையில் ஏறிவிடும். தொடர்மாடி வீடுகளில் முற்றம் இல்லாது போயிற்று. ஆயினும் கூட்டும் வேலை இல்லாது போகவில்லை. வீதிப் புழுதியும், மோட்டார் வண்டிகளின் புகைக்கரியும், துணியிலும் மெத்தையிலும் இருந்து உதிரும் நுண்ணிய நூலும் நாள்தோறும் நம் நிலத்தில் வந்து படிந்துகொண்டே இருக்கின்றன. நேற்றுக் கூட்டிய வீட்டை இன்றும் கூட்ட வேண்டும். இன்று கூட்டிய வீட்டை நாளையும் கூட்ட வேண்டும். முடிவில்லாத வேலை என்று ஒன்று உலகில் உண்டாயின் அது இதுவேயாகும்.

இந்த முடிவில்லாத வேலைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. புகைவண்டியின் சரித்திரத்தையும் ஆகாய விமானத்தின் சரித்திரத்தையும் பள்ளிக்கூடப் புத்தகங்களிலே படிக்கிறோம். வீட்டு மூலையில் நிற்கும் தும்புத்தடிக்கும், அதன் இடத்தைப் பிடிக்க வந்த ‘வக்கியூம் கிளீனர்’ என்னும் தூசுறிஞ்சிக்கும் உரிய கதையை எவரும் நமக்குச் சொல்வதில்லை. அக்கதையைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கூறும்போது ஒரு கேள்வியையும் உடன் கொண்டு செல்வோம்: இயந்திரம் வந்தபின் கூட்டும் கைக்கு உண்மையில் ஓய்வு கிடைத்ததா?

விளக்குமாறும் அதன் குறையும்

தமிழிலே விளக்குமாற்றுக்குப் பெயர் பல. துடைப்பம் என்பர், வாரியல் என்பர், அலகு என்பது பழைய சொல். கோயிலைக் கூட்டுதலைத் திருவலகிடுதல் என்று நம் முன்னோர் மதிப்போடு சொன்னார்கள். திலகவதியார் திருவதிகை வீரட்டானத்திலே நாள்தோறும் திருவலகிட்டுத் திருமெழுக்கிட்டு வாழ்ந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கிறார். அவருடைய தம்பியாராகிய நாவுக்கரசர் உழவாரப்படையைக் கையில் ஏந்திக் கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கித் துப்புரவு செய்தவர். கூட்டுதல் தெய்வத்தின் சந்நிதியிலே தொண்டாகப் போற்றப்பட்டது என்பதை இங்கே நினைவிற் கொள்வோம். பின்னால் இது வேண்டியிருக்கும்.

இலங்கையில் விளக்குமாற்றுக்குப் பஞ்சமில்லை. தென்னோலையிலிருந்து ஈர்க்கை வார்ந்து கட்டினால் முற்றத்துக்கு ஈர்க்கு விளக்குமாறு. தேங்காய் மட்டையை நீரில் ஊறப்போட்டு, அடித்து, தும்பெடுத்துத் தடியிற் பொருத்தினால் வீட்டுக்குத் தும்புத்தடி. தும்பிலே நீளமும் உறுதியும் உள்ள வகை தூரிகைக்கும் துடைப்பத்துக்கும் ஏற்றது. இவ்வகைத் தும்பை இலங்கை நெடுங்காலமாக அந்நிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்திருக்கிறது. ஆகவே மேல்நாட்டு வீடுகளைக் கூட்டியதிலும் நமது தென்னைக்குப் பங்குண்டு.

ஆயினும் விளக்குமாற்றுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது தூசை இடம் மாற்றுமேயன்றி முற்றாக அகற்றாது. பருமனான குப்பை முன்னே தள்ளப்படும். நுண்ணிய தூசு மேலே கிளம்பும். கிளம்பிய தூசிற் பாதி மீண்டும் நிலத்தில் இறங்கும். மீதி கூட்டுபவரின் மூக்கிலும் மார்பிலும் புகும். நம் தாய்மார் இதனை அறிந்தே கூட்டுமுன் தண்ணீர் தெளித்தார்கள். மண் நிலத்தைச் சாணமிட்டு மெழுகினார்கள். சீமேந்து நிலம் வந்தபின் கூட்டிய பிறகு ஈரத்துணியால் துடைத்தார்கள். தூசை நனைத்து அடக்குவதே நமது நாட்டு முறை. வெப்ப நாட்டுக்கு அது பொருத்தமான முறையுமாகும்.

குளிர்நாடுகளில் இது செல்லாது. அங்கே நிலத்திற் கால் வைத்தாற் குளிரும். ஆதலின் வசதியுள்ளோர் நிலம் முழுவதும் கம்பளம் விரித்தார்கள். நிலக்கரி அடுப்புப் புகைபோக்கிகள் கரியைக் கக்கின. பனிக்காலம் முழுவதும் யன்னல்கள் மூடியிருந்தன. கம்பளத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. விளக்குமாற்றாற் கூட்டினால் தூசு கம்பள மயிரினுள்ளே ஆழப் புதையும். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை கம்பளங்களைச் சுருட்டித் தோளிற் சுமந்து, வெளியே கயிற்றிற் போட்டு, பிரம்பால் அடித்துத் தூசு போக்குவதே வழக்கமாக இருந்தது. தூசுறிஞ்சி ஏன் அந்நாடுகளிற் பிறந்தது என்பதற்குக் காரணம் இக்கம்பளமே.

கையால் இயங்கிய கருவிகள்

1860ஆம் ஆண்டு அமெரிக்காவில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த டானியல் ஹெஸ் என்பவர் ஒரு கருவிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். சுழலும் தூரிகை ஒன்றும், காற்றை இழுக்கும் துருத்தி ஒன்றும் அதில் இருந்தன. 1869ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் ஐவ்ஸ் மக்கஃபி என்பவர் ‘சூறாவளி’ என்னும் பொருளுடைய பெயரில் இன்னொரு கருவியை அமைத்தார். அதிலே ஒரு கையாற் பிடியைச் சுழற்றி விசிறியை ஓட்ட வேண்டும். மறு கையாற் கருவியைத் தள்ள வேண்டும். வேலையைக் குறைக்க வந்த கருவி ஒரு வேலையை இரண்டாக்கியதால் அது மக்களிடம் செல்வாக்குப் பெறவில்லை.

காற்றை விட்டுவிட்டுத் தூரிகையை மட்டும் நம்பியவர் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் றப்பிட்ஸ் நகரில் பீங்கான் கடை நடத்திய மெல்வில் பிசெல். தள்ளும்போது சக்கரத்தோடு சேர்ந்து தூரிகையும் சுழன்று குப்பையைப் பெட்டிக்குள் வாரிப்போடும் கருவிக்கு அவர் 1876ஆம் ஆண்டு உரிமை பெற்றார். 1889ஆம் ஆண்டு அவர் காலமானபின் அவருடைய மனைவி அன்னா பிசெல் அம்மையார் கம்பனியின் தலைமையை ஏற்று அதனைப் பிறநாடுகளிலும் பரப்பினார். பெண்கள் வாணிபத் தலைமை ஏற்பது அரிதாயிருந்த காலத்தில் இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திர எஞ்சின்கள் மலிந்தன. சென்ட் லூயி நகரத்து ஜோன் தேர்மன் என்பவர் 1899ஆம் ஆண்டு, அழுத்தப்பட்ட காற்றை ஊதிக் கம்பளத்துத் தூசை வெளியேற்றும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். ஊதினால் தூசு கிளம்பும் என்பது உண்மை. கிளம்பிய தூசை எப்படிப் பிடிப்பது என்பதே தொல்லை.

1901ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், எம்பயர் இசையரங்கில் இவ்வாறு காற்றை ஊதித் துப்புரவு செய்யும் அமெரிக்கக் கருவி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனைப் பார்க்கச் சென்றவர்களுள் ஹியூபேட் சிசில் பூத் என்னும் இளம் பொறியியலாளரும் ஒருவர். 1871ஆம் ஆண்டு குளொஸ்டர் நகரிற் பிறந்த இவர் பாலங்களையும், பொருட்காட்சிகளிற் சுழலும் இராட்சத இராட்டினங்களையும் அமைப்பதில் தேர்ந்தவர். கருவி தூசை ஊதி மேலே கிளப்புவதைக் கண்ட அவர், “ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன?” என்ற கருத்தில் அதனை அமைத்தவரை வினவினார். அது நடவாத காரியம் என்பதே கிடைத்த பதில்.

பூத் விடவில்லை. உணவுச்சாலையொன்றில் மெத்தையிட்ட ஆசனத்தின் மேல் வாயை வைத்துக் காற்றை இழுத்துப் பார்த்தார். தூசு தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறியது. ஆயினும் கருத்துச் சரி என்பது உறுதியாயிற்று. தூசு நிறைந்த காற்றைத் துணி வடிகட்டி ஒன்றின் ஊடாக இழுத்தால் காற்று கடந்து போகும், தூசு துணியிலே தங்கும். இத்தனை ஆண்டுகளாக எட்டாதிருந்த உண்மை இவ்வளவு எளியதாக இருந்தது.

1901ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் தமது கண்டுபிடிப்பைப் பதிந்தார். அவர் அமைத்த இயந்திரத்தை இன்று பார்ப்போர் தூசுறிஞ்சி என்று நம்பமாட்டார்கள். குதிரை இழுக்கும் வண்டியொன்றில் எண்ணெய் எஞ்சினும் பெரிய பம்பும் ஏற்றப்பட்டிருக்கும். வண்டி வீதியில் நிற்கும். நீண்ட குழாய்கள் யன்னல் வழியே வீட்டினுள் செல்லும். சீருடை அணிந்த பணியாட்கள் குழாய் முனையைக் கம்பளத்தின்மேல் இழுப்பார்கள். அதன் இரைச்சலைக் கேட்டு வீதியிற் சென்ற குதிரைகள் மிரண்டனவாம். புகைத்துப் பெருமூச்சு விடுவதால் மக்கள் அதற்கு ‘பஃபிங் பில்லி’ என்று வேடிக்கைப் பெயர் இட்டனர். சீமாட்டிகள் தம் வீட்டிலே இயந்திரம் வேலை செய்வதைக் காட்டத் தோழியரைத் தேநீர் விருந்துக்கு அழைத்தார்கள் என்றும் சொல்வர்.

1902ஆம் ஆண்டு ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் விரித்த கம்பளங்கள் பூத்தின் இயந்திரத்தாற் சுத்தம் செய்யப்பட்டன. அரண்மனையிலும் அதற்கு இடம் கிடைத்தது. முதலாம் உலக யுத்த காலத்தில், கடற்படையினர் தங்கிய கிறிஸ்டல் பலஸ் மாளிகையிற் புள்ளிக் காய்ச்சல் பரவியபோது பூத்தின் 15 இயந்திரங்கள் அங்கே அனுப்பப்பட்டன. அவை 26 தொன் தூசை அகற்றியதாகக் குறிப்பிடுவர். நாம் காணாமலே எவ்வளவு தூசோடு வாழ்கிறோம் என்பதற்கு அந்த ஒரு கணக்கே போதும்.

ஆயினும் பூத்தின் இயந்திரம் மாளிகைக்கும் மன்றத்துக்கும் உரியதாயிருந்ததேயன்றிச் சாதாரண வீட்டினுள் நுழையவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் பொறியியலாளர் அல்லர். கூட்டும் வேலை பார்த்த ஒரு தொழிலாளி.

தொய்வுக்காரர் ஒருவரின் தலையணை உறை

ஜேம்ஸ் மறே ஸ்பாங்லர் என்பவர் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில், பெரிய கடையொன்றைத் துப்புரவு செய்யும் பணியாளராக இருந்தார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னரே பயிர்த்தொழிற் கருவிகள் சிலவற்றை அமைத்தும் செல்வம் சேராதவர். தொய்வு என்று நாம் சொல்லும் ஆஸ்மா நோய் அவரை வாட்டியது. கடையின் கம்பளங்களைத் தள்ளுகருவியாற் கூட்டும்போது கிளம்பும் தூசு அவருடைய மூச்சை அடைத்தது. வேலையை விட்டாற் பசி, விடாவிட்டால் இருமல். இவ்விரண்டுக்கும் இடையே நின்றுதான் அவர் சிந்தித்தார்.

1907ஆம் ஆண்டு அவர் ஒரு கருவியைக் கூட்டி அமைத்தார். தகரப் பெட்டி ஒன்று, மின்சார விசிறி மோட்டார் ஒன்று, கம்பளம் கூட்டும் தூரிகை, விளக்குமாற்றுத் தடி, தூசைப் பிடிக்க ஒரு தலையணை உறை – இவையே அதன் உறுப்புக்கள். மோட்டார் விசிறியைச் சுழற்றிக் காற்றை இழுத்தது; தூரிகை தூசைக் கிளப்பியது; காற்றோடு வந்த தூசு தலையணை உறையில் தங்கியது. 1908ஆம் ஆண்டு யூன் 2ஆம் திகதி அவருக்கு உரிமைப்பத்திரம் கிடைத்தது. ஒருவர் ஒரு கையால் தள்ளிச் செல்லக்கூடிய மின்சாரத் தூசுறிஞ்சி இவ்வாறு வீட்டுக்குள் வந்தது.

கண்டுபிடித்தவரிடம் முதல் இல்லை. அவர் குடும்பத்துக்கு அறிமுகமான சூசன் ஹூவர் அம்மையார் இக்கருவியைப் பயன்படுத்திப் பார்த்து வியந்து, தம் கணவர் வில்லியம் ஹென்றி ஹூவரிடம் கூறினார். ஹூவர் தோற்பொருள் உற்பத்தியாளர். குதிரைச் சேணம் முதலியன செய்து விற்றவர். மோட்டார் வண்டி வந்துவிட்டது, குதிரையின் காலம் முடிகிறது என்பதை உணர்ந்து புதிய தொழில் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பாங்லரின் உரிமையை 1908ஆம் ஆண்டு வாங்கித் தொழிலைத் தொடங்கினார். பத்து நாள் வீட்டில் வைத்து இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். கேட்டு எழுதியவர்களுக்கு நேரே அனுப்பாமல் அவரவர் ஊரிலுள்ள நாணயமான கடை மூலம் கருவியைக் கொடுத்தார். அக்கடைகளே பின்னர் அவருடைய விற்பனை நிலையங்களாயின. இங்கிலாந்திலே தூசுறிஞ்சியால் வீட்டைச் சுத்தம் செய்வதையே ‘ஹூவர் செய்தல்’ என்று சொல்லும் அளவுக்கு அப்பெயர் வேரூன்றியது.

ஸ்பாங்லர் 1915ஆம் ஆண்டு காலமானார். உலகம் ஹூவரின் பெயரை அறியும். கூட்டுபவரின் பெயரை அறிந்தவர் சிலரே.

உறிஞ்சும் விதம்

‘வக்கியூம்’ என்பது வெற்றிடத்தைக் குறிக்கும் சொல். உண்மையில் இக்கருவியினுள் முழு வெற்றிடம் உண்டாவதில்லை. மோட்டார் விசிறியை வேகமாகச் சுழற்றும்போது உள்ளேயிருக்கும் காற்று பின்புறமாகத் தள்ளப்படுகிறது. அதனால் உள்ளே காற்றழுத்தம் சிறிது குறைகிறது. சாதாரண வீட்டுக் கருவியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே குறையும். வெளியேயிருக்கும் காற்று அந்தக் குறைவை நிரப்பக் குழாய் வழியே விரைந்து பாய்கிறது. பாயும்போது தூசையும் உடன் அள்ளிச் செல்கிறது. தூசைக் கருவி இழுக்கிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் வெளிக்காற்றே அதனை உள்ளே தள்ளுகிறது. குழல் வைத்து இளநீர் குடிக்கும்போது நடப்பதும் இதுவே.

கருவியின் உயிர் விசிறி. அதன் மானம் வடிகட்டி. துணிப்பையின் கண்கள் பெரிதானால் நுண்ணிய தூசு பின்புறத்தால் மீண்டும் அறைக்குள் வரும். தடித்த துணியானாற் காற்று விரைவில் அடைபடும். பிற்காலத்து முன்னேற்றங்களிற் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கலைத் தீர்க்கச் செய்யப்பட்ட முயற்சிகளே.

வாயில்தோறும் வந்த விற்பனையாளர்

சுவீடன் நாட்டு அக்சல் வென்னர்கிரென் 1908ஆம் ஆண்டு வியன்னா நகரக் கடையொன்றின் யன்னலில் தூசுறிஞ்சி ஒன்றைக் கண்டார். இதனை எளிதாக்கி மலிவாக்கினால் ஒவ்வொரு வீட்டுக்கும் விற்கலாம் என்று அன்றே எண்ணினார். 1912ஆம் ஆண்டு ‘லக்ஸ்’ என்னும் கருவி வெளிவந்தது. அதன் நிறை 14 கிலோகிராம். 1919ஆம் ஆண்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் உருவாகியது. 1921ஆம் ஆண்டு அது வெளியிட்ட கருவி, பனிச்சறுக்கு வண்டிபோல நிலத்தில் வழுக்கிச் செல்லும் நீள் உருளை வடிவம் கொண்டது. இன்றும் பல வீடுகளில் குழாயைப் பிடித்து இழுக்கும் கருவிகள் அதன் வழிவந்தவையே.

இந்நிறுவனத்தின் வெற்றிக்குப் பெருந்துணை அதன் விற்பனையாளர். அவர்கள் வீடு வீடாகச் சென்று கருவியை இயக்கிக் காட்டினார்கள். வீட்டுக்காரியின் கண்முன்னே அவளுடைய கம்பளத்திலிருந்தே தூசை எடுத்துக் காட்டினால் அவள் வாங்காமல் என் செய்வாள்? இத்தகைய விற்பனையாளர் மேல்நாட்டு வாழ்வில் நன்கு பழகிய ஓர் உருவமாயினர். ஆங்கில நாவலாசிரியர் கிரஹம் கிறீன் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலின் நாயகன், ஹவானா நகரில் தூசுறிஞ்சி விற்பவனே. அவன் தூசுறிஞ்சியின் உறுப்புக்களை வரைந்து, இரகசியப் போர்க்கருவிப் படம் என்று ஒற்றர் தலைமைக்கு அனுப்பி ஏமாற்றுகிறான்!

பின்னர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் டைசன் பையையே நீக்க முனைந்தார். மரம் அரியும் ஆலைகளில் மரத்தூளைக் காற்றிலிருந்து சுழற்றிப் பிரிக்கும் கூம்புகளைக் கண்டு, அதே முறையைத் தூசுறிஞ்சியில் அமைக்க 1970களின் இறுதியில் தொடங்கினார். 5,127 மாதிரிகள் செய்தபின்னரே மனநிறைவு பெற்றார். 1993ஆம் ஆண்டு அவருடைய சொந்த நிறுவனத்தின் முதற் கருவி விற்பனைக்கு வந்தது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ரூம்பா’ என்னும் தானியங்கிக் கருவி வெளியாயிற்று. ஆமையைப்போல நிலத்தில் ஊர்ந்து, சுவரில் முட்டித் திரும்பி, ஆளின்றித் தானே கூட்டும் கருவி அது.

நம் பக்கத்து நாடுகளில்

பாரத நாட்டில் இக்கருவியை நடுத்தர மக்களின் வாயிலுக்குக் கொண்டுவந்தது 1982ஆம் ஆண்டு தொடங்கிய யுரேக்கா போப்ஸ் நிறுவனம். தாத்தா குழுமத்தோடு சேர்ந்த போப்ஸ் நிறுவனமும் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது அது. சுவீடன்காரரின் பழைய முறையையே அவர்களும் கைக்கொண்டனர். கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் கருவியைத் தூக்கிக்கொண்டு படியேறி, அழைப்புமணி அடித்து, இயக்கிக் காட்டி விற்றனர். வேலை தேடிய படித்த இளைஞர் பலருக்கு அது முதல் உத்தியோகமாக அமைந்தது. ஆயினும் இந்திய வீடுகளில் விளக்குமாறு வெளியேறவில்லை. கல்லும் சீமேந்தும் பதித்த நிலத்தைக் கூட்டித் துடைப்பது எளிது. வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதும் எளிதாயிருந்தது.

இலங்கையிலோ முதலில் மின்சாரம் வரவேண்டியிருந்தது. 1895ஆம் ஆண்டு கொழும்புக் கோட்டைப் பகுதியிற் பவுஸ்டெட் சகோதரர் கம்பனியார் மின்விளக்கு ஏற்றினர். 1899ஆம் ஆண்டு மின்சார ட்ராம் வண்டி ஓடியது. நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக் கூறியும், இலக்சபானா நிலையம் 1950ஆம் ஆண்டிலேதான் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969ஆம் ஆண்டு அமைந்தது. அதற்கு முன்னும் பின்னும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தமையால் வீட்டு மின்கருவிகள் அருமையாயின. அக்காலத்தில், நாடு திரும்பும் வெளிநாட்டவரின் பழைய வீட்டுக் கருவிகளை வாங்கிப் பழுதுபார்த்து விற்றுத் தொழில் தொடங்கியவர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த அபான் பெஸ்டன்ஜி அம்மையார். 1977ஆம் ஆண்டு பொருளாதாரம் திறக்கப்பட்டபின் அபான்ஸ் பெரிய வாணிப நிறுவனமாக வளர்ந்தது. பின்னர் நகரத் துப்புரவுச் சேவையிலும் இறங்கியது. மின்கருவி விற்ற நிறுவனமே நகரத் துப்புரவுப் பணியையும் ஏற்றது கவனிக்கத்தக்கது. ஏனெனில் கொழும்பு வீதியோரங்களிலே இன்றும் நம் கண்ணிற் படுவது ஈர்க்கு விளக்குமாறு பிடித்த கைகளே.

2022ஆம் ஆண்டு நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, தூசுறிஞ்சி உள்ள வீடுகளிலும் தும்புத்தடியே கைகொடுத்தது. பழைய நண்பனை எறிந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கைக்கு ஓய்வு கிடைத்ததா?

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். தூசுறிஞ்சி பெண்களின் வேலையைக் குறைத்துவிட்டது என்பது விளம்பரக்காரரின் வாக்கு. ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்கச் சரித்திர ஆசிரியை இதனை ஆராய்ந்து 1983ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். முன்னாளிற் கம்பளத்தை வெளியே கொண்டுபோய் அடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்களும் பையன்களும் கூலியாட்களும். அதுவும் ஆண்டுக்கு ஓரிரு முறையே. தூசுறிஞ்சி வந்தபின் அவ்வேலை வாரந்தோறும் செய்யவேண்டியதாயிற்று. செய்பவள் வீட்டுத் தலைவி ஒருத்தியே. வேலை எளிதாயிற்று என்று சொல்லி மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். சுத்தம் என்பதன் அளவும் உயர்ந்தது. உடல் வருத்தம் குறைந்தது உண்மை. நேரம் மிஞ்சியது என்று சொல்ல முடியவில்லை. கோவன் கண்ட முடிவு இதுவே.

வீட்டுக்கு வெளியே உள்ள நிலை இதனினும் கவலைக்குரியது. கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் வீதிகளைக் கூட்டவும் கழிவகற்றவும் ஆங்கிலேயர் ஆட்சியிலே தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கண்டி மகியாவை அவ்வாறு உருவான குடியிருப்பே. 1914ஆம் ஆண்டு கொழும்பிற் பிளேக் நோய் தோன்றியபோதும் நகரத்தின் குப்பையை அள்ளியவை இத்தகைய தொழிலாளரின் கைகளே. நாட்டைத் துப்புரவாக்கியவர்கள் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தொழிலாளரோடு சேர்ந்து நாடற்றவர் வரிசையில் நிறுத்தப்பட்டனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும், 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தே அந்தக் கணக்குத் தீர்ந்தது. அரசாங்கத்தின் பிழை ஒருபுறமிருக்க, நம்மவர் செய்த பிழையும் உண்டு. கோயிலிற் கூட்டினால் தொண்டு என்றோம். வீதியிற் கூட்டினால் இழிதொழில் என்றோம். அதே விளக்குமாறு, அதே தூசு. மாறியது நமது பார்வை மட்டுமே.

ஸ்பாங்லரின் மார்பை அடைத்த தூசுதான் வீதி கூட்டுபவரின் மார்பையும் அடைக்கிறது. அவருக்குத் தலையணை உறை ஒன்று கிடைத்தது. அதனால் ஓர் இயந்திரம் பிறந்தது. நம் வீதித் தொழிலாளிக்கு மூக்கையும் வாயையும் மறைக்கும் கவசமும், கையுறையும், குனியாமற் கூட்ட நீண்ட தடியும் கிடைக்குமாயின் அதுவே பெரிய முன்னேற்றமாகும். குப்பையைக் கட்டி வகைப்படுத்தி வைப்பதும், கண்ணாடித் துண்டைத் தனியே வைப்பதும் நாம் செய்யக்கூடிய சிறிய மரியாதைகள். இவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், அந்நியச் செலாவணியும் வேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சிரமதானம் என்ற பெயரிலே சங்கங்கள் கோயில் வீதியையும் பாடசாலை வளவையும் கூட்டுவது நல்ல வழக்கம். அந்த ஒருநாட் கைங்கரியத்தைப் படம் பிடித்து வைக்கிறோம். மற்றைய முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் நம் வீட்டைக் கூட்டும் தாயையும் சகோதரியையும் எவரும் படம் பிடிப்பதில்லை. தூசுறிஞ்சி வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். தொய்வுள்ளவர் இருக்கும் வீட்டில் நல்ல வடிகட்டி உள்ள கருவி உண்மையில் உபகாரமே. ஆனால் வாங்கிய கருவியை யார் தள்ளுவது என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். 1860ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கருவியை எவரும் இன்னும் செய்யவில்லை. அது வீட்டிலுள்ளோரே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு. நாளைக் காலையில் நம் வீட்டுத் தும்புத்தடியை நாம் முந்தி எடுப்போமாக.